உன் மனைவி சாராள் எங்கே?

கேள்வி:

நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். சென்னைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். இருவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரையாவது சாப்பிடக் கூட்டி வருவது கணவருக்கு வழக்கம். ஆலய வாசலிலேயே கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் எனக்குச் சொல்வார். பிரியாணி, சிக்கன், பாயாசம் என்று நான் ஓடுவேன். வந்தவர்கள் ஹாலில் சிரித்துப் பேசுவது சமையலறைக்குக் கேட்கும். போன மாதம் எபிரெயர் 13:2-ஐ வைத்துப் பிரசங்கம் செய்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உபசரிக்கிற வரம் எனக்கு இல்லையோ?

இன்னும் சில காரியங்கள். ஆலயத்தைச் சுத்தம் செய்கிற அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். மாமியார் மற்றவர்களுக்கு டம்ளரில் டீ கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கணவருக்குத் தெரிந்த ஊழியக்காரர் ஒருவர், இரண்டு நாள் என்று வந்து பதினெட்டு நாள் தங்கிவிட்டுப் போனார். ஆலயத்தில் பின்வரிசையில் மணிப்பூரைச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கே ஆசை. ஆனால் இப்படி இருக்கிற வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது?

(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வரம் இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். பின்வரிசையில் யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அத்தனை பேர் வந்துபோகிற ஆலயத்தில் அது பலருக்கு வாய்ப்பதில்லை. உங்களுக்குக் குறைவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார ஒரு நாற்காலிதான்.

உபசரிப்பு என்றால் பிரசங்கத்தில் முதலில் வருகிறவர் ஆபிரகாம். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம். உச்சிவெயில் நேரம், மம்ரேயில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் வருகிறார்கள். ஓடிப்போய் வணங்கி, “கொஞ்சம் அப்பம்” கொண்டுவருகிறேன் என்கிறார். சொல்லிவிட்டு நேரே கூடாரத்துக்குள் போய், சீக்கிரமாய் மூன்றுபடி மா எடுத்துப் பிசைந்து அப்பம் சுடு என்று சாராளிடம் சொல்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் மூன்றுபடி என்று இருப்பது எபிரெயத்தில் மூன்று சேயா. இன்றைய கணக்கில் இருபது லிட்டருக்குக் குறையாது. பிசையப்போகிறவளுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. வந்திருப்பது மூன்றே பேர். வாசலில் வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து சொல்கிற பழக்கம் உங்கள் கணவர் கண்டுபிடித்தது இல்லை, பார்த்தீர்களா.

நான் குருமனையில், அதாவது போதகர் குடியிருக்கிற வீட்டில், வளர்ந்தவள். இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆபிரகாமின் ஓட்டம், கன்று, வெண்ணெய், பால் எல்லாம் வரும். ஒன்பதாம் வசனத்தில் யாரும் நின்றதாக ஞாபகம் இல்லை. சாப்பிட்டவர்கள் கேட்கிற முதல் கேள்வி அங்கேதான் இருக்கிறது: “உன் மனைவி சாராள் எங்கே?” அதோ கூடாரத்தில் இருக்கிறாள் என்கிறார் ஆபிரகாம். அவர்கள் கொண்டுவந்த செய்தியே அவளுக்குத்தான். உள்ளே நின்று வேலை செய்தவளைக் கேட்டு வந்த விருந்தினர்கள் அவர்கள். உங்கள் ஹாலில் சிரித்துப் பேசுகிறவர்களில் ஒருவராவது ஒரு நாள் எழுந்து, அக்கா எங்கே, அவர்களும் வந்து உட்காரட்டுமே என்று கேட்டிருந்தால், இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையிலேயே ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளைப் பற்றித் தனியாக எழுத வேண்டாம். அந்தப் பகுதியை வைத்துப் பெண்களைக் குத்தியது போதும். இயேசு அவள் சமையலைக் குறை சொல்லவில்லை, அநேக காரியங்களைக்குறித்துக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். பிரியாணி, சிக்கன், பாயாசம் என்று நீங்கள் எழுதியபோது அந்த ‘அநேக’ எனக்கு ஞாபகம் வந்தது.

உங்களை அழவைத்த எபிரெயர் வசனத்துக்கு வருவோம். “அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்.” கிரேக்க மூலத்தில் உபசரிப்புக்கு அங்கே இருக்கிற சொல் பிலோக்செனியா. பிலோ என்றால் அன்பு. க்செனோஸ் என்றால் அந்நியர், புதியவர். நம் மொழியும் இதையேதான் சொல்லிவைத்திருக்கிறது. விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. புதிதாகப் புனைந்த செய்யுள் வகைக்குத் தொல்காப்பியம் வைத்திருக்கிற பெயரே விருந்துதான். புதிதாக வந்தவருக்கு அந்தப் பெயர் ஆகி, அவருக்கு வைக்கிற சாப்பாட்டுக்கும் அதுவே ஆகி, கடைசியில் ஆளை மறந்து சாப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் போய் வந்தவரிடம், விருந்து எப்படி என்று நாம் கேட்பது மட்டனைப் பற்றித்தான்.

இந்தக் கணக்கில் உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பாருங்கள். கணவர் கூட்டி வருகிறவர்கள் யார்? நீங்கள் எழுதவில்லை, என் ஊகம்தான். பாடகர் குழு நண்பர்கள், கமிட்டிக்காரர்கள், ஊர்க்காரர்கள், கூடவே ஏதோ ஒரு வகையில் சொந்தம். அவர்கள் வருவதில் தப்பு ஒன்றும் இல்லை, நட்புக்கும் சோறு வேண்டும். ஆனால் அது நட்பு. அவர்களும் நாளைக்கு உங்களைக் கூப்பிடுவார்கள், கணக்குச் சரியாகிவிடும். லூக்கா 14-இல் இயேசு, விருந்து பண்ணும்போது சிநேகிதரையும் சகோதரரையும் பந்துஜனங்களையும் ஐசுவரியமுள்ள அயலகத்தாரையும் அழைக்க வேண்டாம், அவர்கள் திருப்பி அழைத்துவிடுவார்கள் என்கிறார். அந்த வசனத்தை எந்த வீட்டுச் சுவரிலும் நான் மாட்டிப் பார்த்ததில்லை. எபிரெயர் வசனத்தைக் கேட்டு நீங்கள் குற்ற உணர்வில் அழுதீர்கள். அந்த வசனம் கேட்கிற ஆளை உங்கள் வீட்டில் தேடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

சரி, கணவர். அவர் கெட்டவர் இல்லை. கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். சண்டையாகப் பேசினால், ‘நாலு பேர் வருவது உனக்குப் பிடிக்கவில்லை’ என்று முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பேசவே பேசாதீர்கள். செவ்வாய், புதன் ராத்திரி, பிள்ளைகள் தூங்கியபின் பேசுங்கள். ‘ஆட்கள் வருவது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வந்தவர்களோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் உட்கார வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். குற்றம் சாட்டாமல் கணக்குக் கேட்டால் பெரும்பாலான ஆண்கள் கணக்குக்கு வருவார்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப ஆலோசனை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் சொல்லக்கூடிய ஏற்பாடு இது: மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும். வெளியார் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். யார் என்று வியாழக்கிழமைக்குள் இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஆலய வாசலில் புதிதாக யாரையாவது பார்த்து ஆசை வந்தால், ‘வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்பதில் எந்த மானக்கேடும் இல்லை. சாப்பிட்ட பாத்திரம் கணவர் பொறுப்பு. வந்தவர்கள் போனபிறகு கழுவுவதாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது திங்கட்கிழமை காலையில் உங்கள் தலையில்தான் விழும். அவர்கள் இருக்கும்போதே அவர் சிங்க்கில் நின்று கழுவட்டும். வந்தவர் கூட நின்று துடைப்பார். பேச்சு அங்கேயும் ஓடும். முதல் தடவை உங்கள் மாமியார் முகத்தைப் பார்க்க முடியாது. மூன்றாவது தடவை பழகிவிடும்.

இதைக் கேட்பதற்கு உங்களுக்கு வேத ஆதாரமும் உண்டு, கவலைப்படாதீர்கள். “முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்” என்று 1 பேதுரு 4:9 சொல்கிறது. அந்த முதல் வார்த்தையைப் பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளிலும் சமையலறையில் முணுமுணுப்பு இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் அப்போஸ்தலன் எழுதியிருக்க வேண்டியதில்லை. முறுமுறுப்பு வந்தால் அதைப் பாவம் என்று அமுக்கி வைக்காதீர்கள், வேலை சரியாகப் பங்கு பிரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அமுக்கி வைத்தால் அது முகத்தில் வரும். முகம் திரிந்து பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறது 90-ஆவது குறள். அனிச்சப்பூவாவது மோந்து பார்த்தால்தான் வாடும்.

அப்புறம் சமையல். பிரியாணியை நிறுத்துங்கள். ஒரு குழம்பு, ஒரு பொரியல், அப்பளம், மோர். பெரியவர் ஒருவருக்கு நூறு கிராமிலிருந்து நூற்றிருபத்தைந்து கிராம் அரிசி கணக்கு. ஒன்பது பேர் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். புளிக்குழம்பைச் சனிக்கிழமை ராத்திரியே வைத்துவிடலாம், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். முட்டையை அவித்து உள்ளே போட்டால் விசேஷமாகவும் ஆகிவிடும். மதியம் முடியாது என்றால் சாயங்காலம் நாலரைக்குக் கூப்பிடுங்கள். சுண்டலும் கருப்பட்டிக் காபியும் போதும். உங்கள் பக்கத்து ஆளுக்கு உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வந்தவருக்கு ஏதாவது வேலை கொடுங்கள். என் அம்மாவிடம் கற்றது இது. குருமனைக்கு எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஜாதிச் சான்றிதழுக்குக் கடிதம் கேட்டு வருகிறவர், மருமகன் அடித்தான் என்று மகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய், பஸ்ஸைத் தவறவிட்ட உபதேசியார். பேச்சு வராமல் திண்ணையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், அம்மா ஒரு முறத்தில் பூண்டை எடுத்துக்கொண்டு போய் நடுவில் வைத்துவிடுவார். ‘இதைக் கொஞ்சம் உரிச்சுத் தாறீங்களா’ என்பார். தானும் எதிரில் உட்கார்ந்து உரிப்பார். நாலு பல் உரிப்பதற்குள் அந்த மனுஷியின் தோள் இறங்கிவிடும். எட்டாவது பல்லில் கதை வரும். கை சும்மா இருந்தால் விருந்தாளிக்குத் தான் பாரம் என்ற நினைப்பு போகாது. அம்மா இதை எங்கும் படித்ததாகத் தெரியவில்லை. நான் ஆலோசனைப் படிப்பில் படித்த எதுவும் இந்தப் பூண்டு முறத்துக்கு ஈடாகவில்லை.

இரண்டு பெட்ரூம் ஃபிளாட் என்று எழுதியிருக்கிறீர்கள், வீடு சின்னது என்ற வருத்தமும் இருக்கும். சூனேமிலிருந்த ஸ்திரீ எலிசா தீர்க்கதரிசிக்காகக் கட்டினது ஒரு சிறிய அறைவீடு. அதில் வைத்தது கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. பட்டியல் அதோடு முடிந்துவிடுகிறது. நீங்களும் பட்டியலைச் சுருக்குங்கள். பாத்ரூம் சுத்தமாக இருக்கட்டும், உள்பக்கத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழட்டும், ஒரு துவாலை தொங்கட்டும். ஹாலில் பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். நாற்காலியில் குவிந்திருக்கிற துணியை அள்ளிப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வந்த ஐந்து நிமிடத்துக்குள், கேட்காமலே, பாத்ரூம் எங்கே என்று காட்டிவிடுங்கள். புதியவர்கள், அதிலும் பெண்கள், கேட்கக் கூசி மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஷோகேஸ் தூசியை யாரும் பார்ப்பதில்லை.

இனி பேப்பர் கப். கடிதத்தில் இதை நடுவில் செருகி இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது.

எங்கள் ஆச்சி வீட்டுப் பின்கட்டு ஜன்னலில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். விளிம்பில் ஒரு நெளிவு. துணி வெளுக்கிறவருக்கும் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதில்தான் காபி. அவர்களே கழுவி அவர்களே கவிழ்க்க வேண்டும். அந்த வயல்காரர் எங்கள் ஆலயத்தில்தான் ஆராதிப்பார், நற்கருணையில் என் ஆச்சி வாய் வைத்த அதே பாத்திரத்தில் அவரும் குடிப்பார். வருடத்துக்கு ஒரு தடவை அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து அள்ளிப் போட்ட சோற்றைச் சாப்பிடுவோம். மறுநாள் காலையில் ஜன்னலில் அந்த டம்ளர் இருக்கும். பதினோரு வயதில் நான் ஒரு நாள் தெரியாமல் அதில் தண்ணீர் குடித்துவிட்டேன். ஆச்சி என்னை அடிக்கவில்லை. டம்ளரைப் பிடுங்கி என் வாயைக் கழுவச் சொன்னாள். வயல்காரர் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அன்றைக்கு நானும் ஒன்றும் சொல்லவில்லை, உங்களைப் போல.

இது நம் சபைகளில் பழைய வியாதி. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமையைத் தீர்மானமாக, உடனடியாக, இறுதியாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தால் தஞ்சாவூரில் பெரிய பிளவே உண்டாயிற்று. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு வேத அறிவைச் சோதிப்பதோடு நிற்கவில்லை, சாப்பாட்டைச் சோதனையாக வைத்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிடுவாயா என்று கேட்டது. மிஷனரிகள் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் எங்கே வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் முன்னால் அந்தியோகியாவில் நடந்ததும் சாப்பாட்டுப் பிரச்சினைதான். புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அதைப் பவுல் கூடிப் பேசித் தீர்க்கவில்லை, முகமுகமாய் எதிர்த்ததாகக் கலாத்தியர் 2-இல் எழுதியிருக்கிறார்.

மாமியாரிடம் நீங்கள் அப்படி எதிர்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாதம் செய்து ஜெயித்தால் அடுத்த தடவை அந்த அக்கா வரும்போது அவர் தலைவலி என்று படுத்துக்கொள்வார், பழி அக்காமேல் விழும். அவரோடு பேச வேண்டியது உங்கள் கணவர். மகன் சொன்னால் காதில் ஏறும். ‘அம்மா, நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்’, அவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது பேப்பர் கப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுவது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்று மாற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம், அது ஒளிந்துகொள்ளும் வழி. மாமியாரும் திருப்தி, உங்களுக்கும் நிம்மதி, அந்த அக்கா மட்டும் புரிந்துகொள்வார். ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜன் வாங்குங்கள். பெயர் வெட்டாதீர்கள். கழுவிக் கவிழ்த்துவிட்டால் எது யார் குடித்தது என்று உங்கள் மாமியாருக்கே தெரியாது.

அந்த அக்காவை மறுபடி கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆலய வாசலில் பத்துப் பேர் நடுவில் பேசிச் சங்கடப்படுத்தாதீர்கள். தனியாகப் பார்க்கும்போது, ‘அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது தப்பு, நான் பேசியிருக்க வேண்டும்’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள். வர இஷ்டமில்லை என்று சொன்னால் அது அவர் உரிமை, வற்புறுத்தாதீர்கள். வந்தால் பேச்சை வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘அப்படியே அந்த ஃபேனையும் துடைச்சிடுறீங்களா’ என்று உங்கள் வாயிலிருந்து தவறி வந்துவிடக் கூடாது. பூண்டு உரிக்கச் சொன்னேனே, அதையும் இவரிடம் சொல்லாதீர்கள். அவர் கை அன்றைக்கு ஒரு நாள் சும்மா இருக்கட்டும்.

பதினெட்டு நாள் ஊழியக்காரருக்கு ஆதிச்சபையே பதில் வைத்திருக்கிறது. பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை என்று ஒரு சிறு கைப்புத்தகம் உண்டு. கிரேக்கப் பெயர் திதாகே. மிகப் பழையது, முதல் நூற்றாண்டு, தவறினால் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பார்கள். நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்து, 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கிடைத்தது. வருகிற அப்போஸ்தலனைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு நாள் தங்கட்டும், அவசியமானால் இன்னொரு நாள், மூன்றாவது நாளும் இருந்தால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி என்று அதில் இருக்கிறது. போகும்போது அப்பம் கொடுத்தனுப்பலாம், பணம் கேட்டால் அவனும் கள்ளன்தான். சாதாரண வழிப்போக்கருக்கு இரண்டு மூன்று நாள். அதற்குமேல் ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் தொழில் செய்து சாப்பிடட்டும். உபசரிப்பை உயிராக நினைத்தவர்கள் எழுதிவைத்த சட்டம் இது. எத்தனை பேரிடம் ஏமாந்த பிறகு எழுதினார்களோ.

அடுத்த முறை அவர் போன் செய்தால், எத்தனாம் தேதி எந்த ரயிலில் ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்று வருவதற்கு முன்பே கணவர் கேட்கட்டும். தேதி சொல்ல முடியாதவருக்குச் சபையில் கேட்டு வேறு ஏற்பாடு செய்யலாம். இதோடு ஒன்று, இதில் தயவுசெய்து தளர்ந்துவிடாதீர்கள்: யார் வந்து தங்கினாலும், எவ்வளவு ஜெபிக்கிறவராக இருந்தாலும், பிள்ளைகள் அறையில் படுக்க வைக்காதீர்கள். பிள்ளைகளை அவரோடு தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். என் அறையில் உட்கார்ந்து அழுத சிலரின் கதை ‘நம்ம வீட்டு ஆள் மாதிரி’ என்ற வார்த்தையில்தான் ஆரம்பித்தது. சிலர் அறியாமல் தேவதூதரை உபசரித்தார்கள் என்று அதே எபிரெயர் வசனம் சொல்வது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. நீங்களும் மாமியாரும் மட்டும் இருக்கும்போது அறிமுகமில்லாத ஒருவர் கதவைத் தட்டினால், கம்பிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று பேசினாலே போதும். தண்ணீரும் கொடுக்கலாம். உள்ளே விட்டால்தான் கிறிஸ்தவர் என்பதில்லை.

கடைசியாக, நர்ஸ் பெண். முதல் அழைப்பு மதியச் சாப்பாட்டுக்கு வேண்டாம், மற்ற விருந்தாளிகள் இருக்கிற நாளிலும் வேண்டாம். ஏழு பேர் நடுவில் ஒருத்தியாக உட்கார்ந்தால் அவளுக்கு அது இன்னொரு பின்வரிசை. சாயங்காலக் காபிக்குக் கூப்பிடுங்கள். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அதற்கு விடைபெறுகிறேன் என்றுதான் அர்த்தம், அவளுக்கு அது தெரியாது, காத்திருப்பாள். உன் அடுத்த விடுமுறை என்றைக்கு, நைட் டியூட்டி முடித்து எத்தனை மணிக்கு எழுவாய், ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டு, நாளையும் நேரத்தையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். கொண்டுபோய் விடுவது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். தனியாகக் கூப்பிடத் தயங்கினால், கூட வேலை செய்கிற தோழியையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.

என்ன சாப்பிடுவாய் என்று கேட்டால் எல்லாம் சாப்பிடுவேன் என்பாள். என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேளுங்கள். சோறு அவர்களுக்கும் அன்றாடச் சாப்பாடுதான், காரத்துக்கும் அசர மாட்டார்கள். ஊர் எது, எந்த மொழியில் ஆராதனை, அங்கே கிறிஸ்துமஸுக்கு என்ன பாடுவீர்கள் என்று கேட்கலாம். 2023 மே மாதம் தொடங்கி மணிப்பூரில் நடந்த கலவரத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். வீடு எரிந்த குடும்பமா, ஊரை விட்டு ஓடிவந்த குடும்பமா என்று உங்களுக்குத் தெரியாது. அவளாகச் சொன்னால் கேளுங்கள், உடனே ஒரு வசனத்தை எடுத்து நீட்டாதீர்கள். மாமியார், ‘நேபாளமா?’ என்று கேட்பார், அதை முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். அவளிடம் ஊர்ப் பாட்டு ஒன்று பாடச் சொல்வது உங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தால் நல்லது. பிள்ளைகள் கேட்டால் யாருக்கும் கூச்சம் வராது.

அன்றைக்குக் காபி போடுகிறவர் உங்கள் கணவராக இருக்கட்டும். கருப்பட்டியோடு சேர்த்துப் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், பாலைக் கடைசியில் டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள். உள்ளேயிருந்து, ‘டிகாக்‌ஷன் எங்கே இருக்கு?’ என்று சத்தம் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லுங்கள், எழுந்து போய்விடாதீர்கள்.